கலையரசி அத்தையின் கடைசிப் பாட்டில்

மதியம் வகுப்பு வாசலில் சித்தப்பா வந்து நின்றபோதே புரிந்துவிட்டது. காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த என் அத்தை கலையரசி இறந்துவிட்டார்.

அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தக் குட்டி ஈக்கள்தான். விடுமுறையில் பாட்டில்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா, "பேங்க் பரீட்சைக்குப் படிக்குது" என்பார். "அதுலயும் பெயிலுன்னு சொல்லிருங்க மதினி" என்று அத்தை சிரிப்பார்.

ஒருநாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஈக்களின் இறகுகள் சுருண்டிருந்தன.

"ஒரு ஜீனோட வாயைப் பொத்தி வச்சிருக்கேன்டி. ஜீன் உள்ள அப்படியேதான் இருக்கு. பேச முடியல, அதான் றெக்கை சுருண்டுக்கிருச்சு."

"பாவம் அத்தை, எதுக்கு?"

"பொத்துற கை எதுன்னு தெரியணும்ல. சரியான கையை எடுத்துட்டா, பொறக்குற ஈக்கு றெக்கை நேரா வந்துரும். அம்புட்டுதான் என் படிப்பு."

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் என்னிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான். "புது ஈ வந்துருச்சா? றெக்கையை மட்டும் பாத்துச் சொல்லு." பாட்டில்கள் இருந்த அத்தையின் அறைக்குள் போனால் அம்மா திட்டுவார் என்று பயந்து, பார்க்காமலே, "இன்னும் வரலை அத்தை" என்றேன்.

வீட்டில் அத்தையைக் கிடத்தியிருந்த பெட்டியின் தலைமாட்டில் வைத்த வாழைப்பழத்தின் மேல், இறகு சுருண்ட ஈ ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது பறக்காது. எங்கிருந்து வந்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஈ மேச்சவ சாவுக்கும் ஈதான் வருது. நசுக்குடி அதை" என்றார் பெரியம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நசுக்கினேன். விரலைப் பாவாடையில் துடைத்தேன். அழவும் வெட்கமாக இருந்தது.

"காலைல அவ ரூமைப் பினாயில் ஊத்திக் கழுவிருவோம். பாட்டிலெல்லாம் குப்பைக்கு" என்று சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா சொல்லிவிட்டுப் படுத்தார். அப்பாவை எதிர்த்து நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லோரும் தூங்கியபின் அத்தையின் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கடைசிப் பாட்டிலைப் பார்த்தேன். எல்லாம் சுருண்ட இறகுகள். மேலே, பஞ்சு மூடியின் அருகில் மட்டும் ஒன்று அசையாமல் இருந்தது. கண்ணாடியை மெல்லத் தட்டினேன். பறந்தது.

வந்துருச்சு அத்தை. றெக்கை நேராத்தான் இருக்கு.

பாட்டிலை என் பள்ளிப் பையில் வைத்துவிட்டேன். காலையில் அப்பா கேட்பார். இது கல்லூரிக்குப் போக வேண்டும் என்று சொல்வேன். நீங்கள் போய் வாருங்கள், அத்தை.