தொப்புள் உள்ள நத்தையும் இல்லாத நத்தையும்

என் அக்காவுக்கு மியூசியத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய நாத்தனார்தான். அதை எங்கள் வீட்டில் யாரும் மறந்துவிடாதபடி அந்த அம்மாளே அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார். அவர் அங்கே ஆராய்ச்சியாளர், டாக்டர் பட்டம் வாங்கியவர். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, நாலைந்து ஊசி. ஜுராசிக் காலத்துக் கடல் நத்தைகள் கல்லாகிக் கிடக்கும். அவற்றின் ஓட்டில் ஒட்டிய மண்ணைக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும்.

பதினாறு வருடம் அதைத்தான் செய்தாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "ஒரே பேர் எழுதி வச்சிருக்காங்கடா. ஆனா இது ஒண்ணு இல்ல, ரெண்டு."

இரண்டுமே பம்பரம்போல் கூம்பானவை, இரண்டிலும் சுற்றுக்குச் சுற்று குமிழ்கள் உண்டு. ஒன்றில் கடைசிச் சுற்றில் குமிழ் மங்கிவிடும், அடியில் நடுவே ஒரு குழி திறந்திருக்கும். அதைத் தொப்புள் என்பார்கள். மற்றதில் குமிழ் வாய் விளிம்புவரை வரும், தொப்புள் மூடியிருக்கும். ஐந்தாவது சுற்றுவரை இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அதனால் வித்தியாசமெல்லாம் வயதால் வந்தது என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அக்கா சுற்றுகளை எண்ணி, ஒரே வயது ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்போதும் வித்தியாசம் இருப்பதைக் கண்டு, முந்நூறு ஓட்டின் அளவுகளை நோட்டில் எழுதினாள்.

நாத்தனார் நோட்டைப் புரட்டிவிட்டு உருகிப்போனார். "உங்க கண்ணு எனக்கு வராது அண்ணி. நோட்டைக் குடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்."

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. எழுதியவர் என்று நாத்தனார் பெயர் ஒன்றுதான் இருந்தது. கடைசியில் 'மியூசிய ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி.

அக்கா அன்று புருஷனிடம், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். அவ படிச்சவ. உன் பேரைப் போட்டா யாரு நம்புவா? தங்கச்சிகிட்ட போய் சண்டை போடச் சொல்றியா?" என்றார் மாமா. நாத்தனாரைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அதோடு போகவில்லை. புது வகைக்குப் பெயர் வைத்தால் அதற்கு அடையாளமாக ஒரு ஓட்டைக் காட்ட வேண்டும். பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஓடுதான் தீர்ப்பு. படத்தில் இருந்த ஓட்டைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் காட்ட முழுசாக ஒன்று வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது, ஒரு வகையின் உடைந்த மேல்பாதியையும் மற்ற வகையின் அடிப்பாதியையும் சேர்த்து அவளே ஒட்டிய ஓடு அது. 'ஒட்டியது, காட்சிக்கு மட்டும்' என்று தட்டில் சீட்டும் வைத்திருந்தாள். அக்கா லீவில் இருந்த நாளில் நாத்தனார் சீட்டை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் தூக்கிப் போயிருக்கிறார். படம் எடுக்குமுன் வெள்ளைப் பொடி பூசுவார்கள். ஒட்டு அதில் மறைந்துவிட்டது.

"போட்டு உடைச்சிடு. ஊர் சிரிக்கட்டும்" என்றேன்.

"அவளைப் பாத்து மட்டுமாடா சிரிக்கும்? ரெண்டு வகைன்னு சொன்னதே பொய்யாயிடும்."

அக்காவுக்குப் பெரிய கவலை அதுதான். நாத்தனாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொன்னாள். அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "நல்லவேளை எங்கிட்டயே சொன்னீங்க அண்ணி. திருத்தம் போட்டுடறேன். இந்தத் தடவை கண்டிப்பா உங்க பேரோட."

அக்கா நம்பிவிட்டாள். பொய் சொல்வானேன், நானும்தான் நம்பினேன்.

திருத்தம் அரைப் பக்கத்தில் வந்தது. வேறு நல்ல ஓடு ஒன்றைக் காட்டியிருந்தார்கள். இரண்டு வகையும் தப்பித்தன. கீழே ஒரு வரி: சுத்தம் செய்யும் ஊழியர் கவனக்குறைவாக இரண்டு ஓடுகளை ஒட்டிவைத்ததே பிழைக்குக் காரணம். ஊழியர் யார் என்று இனிஷியலோடு முழுப் பெயரும் இருந்தது.

அக்கா விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"சொன்ன மாதிரியே என் பேரைப் போட்டுட்டா" என்றாள்.