கிரெக்கின் பழமொழிப் பலகை

இங்கே நான் வேலை செய்கிற ட்ருகனினா சாமான் கிடங்கின் தேநீர் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு பழமொழி. திங்கட்கிழமைதோறும் சூப்பர்வைசர் கிரெக் பழைய ஆங்கிலப் பழமொழி ஒன்றைச் சின்னத் தாளில் அச்சடித்துப் பலகையில் குத்திவிடுவான். விடிய எழும்புவது பற்றி ஒரு கிழமை, சிக்கனம் பற்றி ஒரு கிழமை. பிறகு எனக்கு மட்டும், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாக விளக்கம் சொல்வான். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். சோதனைக்கென்று நூறு ஆங்கிலப் பழமொழிகளைக் கருத்தோடு பாடமாக்கிய யாழ்ப்பாணத்துப் பிள்ளை நான். ஆனாலும் வேலை முக்கியமென்று தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனிடம் லீவு கேட்டேன். கிறிஸ்மஸ் நெருக்கடி, அடுத்த கிழமை பார்ப்போம் என்று பலகையைக் காட்டினான். அந்தக் கிழமைப் பழமொழி பொறுமையைப் பற்றியது. மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் ஊரிலிருந்து தம்பி ஃபோன் எடுத்தான்.

"அக்கா, அம்மா எங்களை விட்டுப் போட்டா. விடியக்காலமை நாலு பத்துக்கு."

கையில் வேறு கடதாசி இல்லை. பலகையில் இருந்த தாளைப் பிய்த்து, பின்பக்கத்தில் அந்த நேரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன், ஏதோ மறந்துவிடுவேன் என்பதுபோல. அன்றிலிருந்து அது என் பர்ஸில் இருக்கிறது. பொறுமை நல்லதுதான். அதை எனக்குப் படிப்பித்தவனை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

இந்த வருடம் ரோஸ்டர், யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை, போடும் பொறுப்பு எனக்கு வந்தது. சூப்பர்வைசர்களின் லீவுக்கும் நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும். போன செவ்வாய் கிரெக் முகம் வெளிறி வந்து நின்றான்.

"என் அம்மாவுக்குக் கடைசிக் கட்டம், சாந்தி. நான் பேர்த் நகரத்துக்குப் போகவேணும்."

இதற்காகத்தான் காத்திருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பர்ஸைத் திறந்து தாளை நீட்டினேன். வாசித்தான்.

"நல்ல பழமொழி," என்றான். அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருப்பிப் பார்."

திருப்பினான். "இது என்ன எழுத்து?"

"தமிழ். என் அம்மா செத்த நேரம். நீ லீவு தராத கிழமை."

கதிரையில் இருந்துவிட்டான். ஒரு மணித்தியாலம் அப்படியே இருக்க விட்டேன். பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

அவன் போய்ச் சேர்ந்தபோது தாய்க்கு உயிர் இருந்ததாம், கையைப் பிடித்தாளாம். கேட்டபோது வயிறெரிந்தது, இன்னும் எரிகிறது. தாள் திரும்ப என் பர்ஸுக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்து வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு வந்து மற்றப் பக்கத்தைப் பார்க்கிறேன்.