தையல் வெளியே

பிராட்பேண்ட் வந்த புதிது. நெட்டில் கடை வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவிநாசிபாளையம் போகும் வழியில் நானும் வீட்டுக்காரரும் நாலு மிஷின் போட்டு, குழந்தைகள் பனியன் தைத்து மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதையெல்லாம் எந்த ஊரில் யார் போடுகிறார்கள் என்பது தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் மாத வாடகைக்கு அந்தக் கடையை எடுத்தேன்.

ஒரே மதியத்தில் கடை தயார். படம் போட வேண்டும், அளவும் நிறமும் விலையும் எழுத வேண்டும். கார்டில் பணம் வாங்குவது உட்பட மற்றதெல்லாம் கடையை வாடகைக்கு விட்ட கம்பெனி பார்த்துக்கொண்டது. கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

வாங்கிய ஒரு அம்மா சென்னையிலிருந்து போன் செய்தார்.

"என் பையனுக்குத் தையல் உடம்புல பட்டாலே ஆகாது, சட்டையைக் கழட்டி எறிஞ்சிடுவான். உங்க பனியனைத் திருப்பிப் போட்டுவிட்டா பேசாம இருக்கான். தையல் வெளியே இருக்கற மாதிரியே தைச்சுத் தருவீங்களா?"

"தர்றேங்க" என்று சொல்லிவிட்டேன். துணி ஓரங்களைச் சேர்க்கிற ஓவர்லாக் தையலை வெளிப்பக்கம் கொண்டுவந்து, கழுத்து லேபிளை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினோம். இவனைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற யோசனை என்னை விடவில்லை. கடையில் போட்டுவைக்கலாம் என்றால், அளவு, நிறம் இரண்டுக்கு மட்டுமே அங்கே கட்டம் இருந்தது. வெள்ளை, நீலம் என்ற வரிசையிலேயே 'தையல் வெளியே' என்று சேர்த்துவிட்டேன். அதற்கும் ஆர்டர் வந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால் அதைக் காணவில்லை. கம்பெனி நிறங்களையெல்லாம் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களாக மாற்றியிருந்தது; எழுத்துக்கு அதில் இடமில்லை. எழுதிக் கேட்டேன். எல்லாக் கடைகளுக்கும் ஒரே அமைப்புதான், உங்களுக்கு மட்டும் மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"வாடகைக் கட்டடம்னா அப்படித்தான் புள்ள. சொந்தமாப் போட்டுக்கலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

வெப்சைட் செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "என்ன வேணும்னாலும் செஞ்சு தர்றேனுங்க. ஆனா சைட் பாதியில நின்னுபோச்சுன்னா, கார்டு விஷயத்துல சிக்கல் வந்துதுன்னா, நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார்.

துணி வெட்டுவதா, அதைக் கட்டிக்கொண்டு அழுவதா? எனக்குத் துணிதான் தெரியும். வாடகைக் கடையே போதும் என்று முடிவு செய்தோம்.

கட்டத்துக்குள் அடங்காததைத் தனிச் சரக்காகவே போட்டுவிட்டேன். தையல் பளிச்சென்று தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். படத்தில் சட்டையின் உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கிறது என்று ஆளாளுக்கு மெயில் அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுதினேன். அவர்களில் சிலர் அதையே வாங்கினார்கள்.

அப்படி எழுதியவர்களில் ஒருவரிடமிருந்து மறுபடி மெயில் வந்தது.

"எனக்கும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெளியே சொன்னதில்லை. பெரியவர்கள் அளவில் கிடைக்குமா?"

வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "மார்பளவு கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனார்.