பின்தகரத்தில் இரண்டு தட்டு

டமாரம் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். ஓட்டை பிக்கப் வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றுபவர். இஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே வந்த பேர். சாமானைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவன் அவர் தம்பி. கேபினின் பின்தகரத்தில் அவன் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். முப்பது வருஷப் பழக்கம்.

"காது போகுதுய்யா, ஒரு சத்தமும் உள்ள வரக் கூடாது" என்று சீட் தைக்கும் என்னிடம் வந்தார். வேலை சுத்தமாக இருக்க வேண்டுமென்ற கொழுப்பில், தரை, கதவு, கூரை, பின்தகரம் என ஓரிடம் விடாமல் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். தம்பியின் தட்டு எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

மறுநாளே கண்ணாடி பீரோ சரிந்தது. தம்பி தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறான். அண்ணன் பாட்டுக் கேட்டபடி போயிருக்கிறார். உடைந்த கண்ணாடி அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

"கேக்கலியாம்! முப்பது வருஷம் கேட்ட காதுதானே?" என்று சொல்லிவிட்டு அவன் வேறு வண்டிக்குப் போய்விட்டான்.

பின்தகர ஸ்பாஞ்சை நானே பிய்த்துப் போட்டேன். ஒருநாள் டமாரம் சாமான் ஏற்றி முடித்து, இஞ்சினைப் போட்ட பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்காமல் நான் போய் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"அது அவன் தட்டு இல்லய்யா" என்று இஞ்சினை அணைத்தார்.