மஞ்சள் குளித்த விண்கல்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். உப்பில் ஈரம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து, துணியில் சுற்றிய கறுப்புக் கல் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். பட்டப்பகலில் இடிச் சத்தத்தோடு தன் பனங்காட்டில் விழுந்தது என்றார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. சுண்ணாம்புச் சூளையில் கிடந்த கல்லை வைத்துக் கடைக்கு ஆள் சேர்க்கிறார் என்று பேச்சு. கூடப்பிறந்த தம்பியே முகத்துக்கு நேராகச் சிரித்தானாம்.

"கல்லு என்னவும் ஆயிட்டுப் போகுதும்மா. நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

விண்கல்லின் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். சூளைக் கல்லில் அது கிடையாது. நிக்கலைச் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் மருந்து எங்களிடம் இல்லை. கல்லூரியில் வேலை பார்த்த தோழியை நச்சரித்து வாங்கி வந்தேன். மேல்தோலைச் சுரண்டி அமிலத்தில் கரைத்து, அம்மோனியா விட்டு, மருந்தை ஊற்றினேன். சிவந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு.

மேலதிகாரி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கல்லுக்கு மஞ்சள் பூசினார்களா என்று கேட்டார். பூசியிருந்தார்கள். விழுந்த அன்றே கடைக்காரரின் மனைவி அதற்கு மஞ்சள் நீராட்டிச் சாமியாகக் கும்பிடத் தொடங்கிவிட்டார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அம்மோனியா பட்டாலும் அப்படித்தான். இதை எடுத்துச் சொல்லிவிட்டு, போய் உப்பைப் பாரும்மா என்றார் அவர். சொன்னது நியாயம்தான், அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவதாக இல்லை.

அடுத்த வாரம் கடைக்காரர் வந்ததும், உள்பகுதியை எடுத்துப் பார்க்கவேண்டும், உடைக்காமல் முடியாது அண்ணாச்சி என்றேன்.

"வீட்ல அவளுக்கு அது சாமில்லா" என்றார்.

பிறகு சுத்தியலை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார்.

உள்ளே சிமெண்ட் நிறம். நடுநடுவே கேப்பை மணி போல் உருண்டைகள், மினுங்கும் உலோகப் பொட்டுகள். மேலதிகாரியை அழைத்துவந்து பக்கத்தில் நிற்கவைத்தேன். ஒரு குழாயில் உள்கல், இன்னொன்றில் வெறும் மஞ்சள், இரண்டிலும் அதே அம்மோனியா, அதே மருந்து. மஞ்சள் விட்ட குழாய் வெறும் காவித் தண்ணீராக நின்றது. கல்லின் குழாயில் ரோஜாச் சிவப்பு, தூளாகத் திரண்டு அடியில் இறங்கியது. அவர் லென்ஸை வைத்து, விண்கல்லில் மட்டுமே இருக்கும் அந்த உருண்டைகளையும் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக் கடைக்காரரிடமே போய், இது வானத்திலிருந்து வந்த கல்தான் என்றார்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. தம்பியைக் கூட்டிவாருங்கள், அவர் கண்முன்னாலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். கடைக்காரர் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி நம்பிருவாம்மா. ஊரும் நம்பிரும். அவ ஒருத்திதான் மொத நாளே நம்புனா. அவகிட்ட இப்ப என்னத்தச் சொல்ல?"