மேய்ச்சல் மலையும் சவரிமுத்து அண்ணனும்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் ஹட்டனிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் முதலில் கேட்டது, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்பதுதான். இல்லை என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் ஆட்களின் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு. நான் ஆபீஸ் கிளாக்கர். மாடு மேய்ந்து மேய்ந்து, மண் கழுவிப்போய், மொட்டையாகக் காய்ந்து கிடந்த மேல் மலையில் பழைய காட்டை மீட்க ஒரு காபன் திட்டம் வந்தது. மரங்கள் காற்றிலுள்ள கரியைப் பிடித்து வைக்குமாம். அதற்கு வெளிநாட்டார் உதவுவார்களாம். நாங்கள் சிரித்தோம். அண்ணன் மட்டும் நம்பினார்.

மாடு வைத்திருந்த ராக்கம்மா, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே அவரை மறித்தாள். "மலைய அடைச்சிட்டா எங்க மாடு என்னாத்த திங்கும்? ஒங்க காபனையா?"

"நாலு வருசம் பொறுங்கக்கா. மண்ணு கொஞ்சம் மூச்சு விடட்டும். புல்லுக்கு நான் பொறுப்பு" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்றோரம் போய் அவளோடு புல் அறுக்கவும் செய்தார்.

நான்காம் வருடம் நட்டதைவிட நடாதது அதிகம் முளைத்தது. எல்லாம் குருவி போட்ட விதைகள். புல்லுக்குள் முழங்கால் உயரத்தில், சிவப்பாய்ப் பூக்கும் மஹரத்மல் மரக் கன்றுகளும் காட்டு நாவலும் நின்றன. "பாருங்க தம்பி, கூப்பிடாமலே வந்திருக்காங்க" என்பார் அண்ணன்.

மரங்களை அளக்க வரும் குழுவை அழைத்துவர, அண்ணன் முதல் நாளே நானுஓயா ரயில் நிலையத்துக்குப் போனார். நான் மலையைப் பார்த்தேன். ஒரே புதராக இருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புல் நிற்கும் மலை அவமானம். அவருக்கு உதவுவதாக நினைத்து, அவர் சொன்னதாகவே சொல்லி, புல் சுரண்டும் ஆட்களை அனுப்பினேன். நட்ட கன்றுகளை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் தேயிலை மலைபோல வழித்துவிட்டார்கள்.

மறுநாள் வந்தவர்கள், யார் செய்தது என்று கேட்டார்கள். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் செய்யச் சொன்னேன், சேர்" என்றார். அதன்பின் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தானாக முளைத்த கன்றுகள்தான் அவர்கள் கணக்கில் பெரிதாம்; அவை போனதால் திட்டம் நின்றது. அடுத்த வெயிலில் மலை எரிந்தது. மாடுகள் மறுபடி ஏறின. "எங்க நாலு வருசத்தத் திருப்பிக் குடுங்க கண்டாக்கையா" என்று ராக்கம்மா கேட்டபோது அவர் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில்தான் நானும் நின்றேன்.

அடக்கம் முடிந்து வரும்போது அவள் சொன்னாள்: "நல்ல மனுசந்தான். ஆனா அந்த மலைய அவரே கெடுத்துட்டாருங்க." நான் தலையாட்டினேன்.

அவரை அறிந்தவர்களே, மலையைக் கெடுத்தது நான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சுமந்த பழி ஒன்றுதான். அதை இப்போது அவர் தோளிலிருந்து இறக்கி வைக்கிறேன். பார்க்க அவர் இல்லை.