கத்தகானாவில் எழுதிய தங்கை

எங்கள் அத்தை ஒரு குழந்தையைக் கொண்டுவரப் போவதாகச் சொன்ன நாளில் வீட்டில் அரிசி இல்லை. அத்தையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மலாக்காவில், எங்கள் காஜா பேராங்கில் எந்தச் சேதியை எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அது அரிசி இல்லாத நாளாகத்தான் இருந்திருக்கும்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு நானும் அம்மாவும் அப்பாவின் அக்காவான அத்தை வீட்டில் இருந்தோம். அத்தைக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. மாமா பண்டார் ஹிலிரில் ஜப்பான்காரர்களின் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருநாள் வேலைக்குப் போகாமல் தெருவில் நின்றாலும் அவரையும் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எல்லோரையும்விட அதிகமாக அவருக்கு இருந்தது.

அத்தையோடு சிறுவயதில் ஒன்றாக வளர்ந்த ஒருத்தி சிங்கப்பூரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் அனாதை இல்லத்தில் ஆயாவாக இருந்தாள். அவள் ஒரு லாரிக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆறு மாதப் பெண் குழந்தை, சீனக் குழந்தை. இல்லத்து வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே பாலுக்கு வழியில்லை. உனக்கு வேண்டுமென்றால் காகிதங்களைச் சரிசெய்துகொண்டு சீக்கிரம் வா. இவ்வளவுதான் கடிதம். அத்தை அதை அம்மாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாமளே மூணு வேளையும் மரவள்ளியத் தின்னுக்கிட்டு இருக்கோம். இதுல இன்னொரு வாயா?"

"ஆறு மாசப் புள்ளைக்கு எம்மாம் பெரிய வாய் இருந்திடப் போவுது?" என்றாள் அத்தை.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் மாமா ஒரு விஷயத்தை எதிர்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக அவ்வளவுதான்.

இன்று சிங்கப்பூர் வேறு நாடு. பாஸ்போர்ட்டைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள். அன்று இரண்டு ஊரும் ஒரே கொடியின் கீழ்தான் இருந்தன. ஆனாலும் போய்வருவதற்கு, இப்போது கடல் தாண்டிப் போகிறவர்களுக்குக்கூட வேண்டியிராத அத்தனை காகிதங்கள் வேண்டியிருந்தன. நாங்கள் நல்ல குடும்பம் என்று தெருத் தலைவர் தரும் கடிதம், அரிசி அட்டை, அம்மை ஊசி போட்டுக்கொண்ட சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மாத்தா ஸ்டேசனில், அதாவது போலீஸ் நிலையத்தில், பிரயாண அனுமதி. இவை போதாதென்று, கணவனுடைய சம்மதக் கடிதமும் இருவருக்கும் கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சியும் இல்லத்துக்காரர்களுக்கு வேண்டுமாம்.

அத்தைக்குக் கோயிலில் கல்யாணம். அத்தாட்சி என்று காகிதம் ஏதும் கிடையாது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிச் சட்டத்தைப் பிரித்து எடுத்தாள். அந்தப் படத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"இதப் பாத்தா யாரு நம்புவாங்க?" என்றார் மாமா.

"நம்புவாங்க. கண்ண மூடிக்கிட்டுதான என்னையக் கட்டுனீங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்தக் காரியத்துக்குள் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அன்று மாலையே சம்மதக் கடிதம் எழுதினார். 'என் மனைவியின் விருப்பப்படி' என்று தொடங்கியிருந்தார். அம்மா படித்துக் காட்டியதும் அத்தை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்கள் விருப்பப்படின்னு எழுதுங்க. நாளைக்கு அந்தப் புள்ள இதப் படிக்கும்." காகிதம் கிடைக்காத காலத்தில் மாமா இன்னொரு தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினார்.

மாத்தா ஸ்டேசனுக்கு அத்தை முதல்தடவை போனபோது வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஒரு பக்கக் கன்னம் சிவந்து வீங்கத் திரும்பி வந்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குத் தலைகுனிந்து வணக்கம் வைக்க வேண்டும், வைத்திருக்கிறாள், அவன் அறைந்துவிட்டான். அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"குனிஞ்சது பத்தலையாம்," என்றாள் அத்தை. "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் குனியுறேன்."

மறுநாள் போதுமான அளவு குனிந்து உள்ளே போய்விட்டாள். அங்கே தமிழும் மலாயும் ஜப்பானியமும் தெரிந்த நம்மவர் ஒருவர் மொழிபெயர்க்கிற வேலையில் இருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். சோறு போட முடியாமல் ஊரெல்லாம் பிள்ளையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, நீ சியோனான் வரைக்கும் போய் வாங்கிவரப் போகிறாயா என்று கேட்டாராம். சிங்கப்பூருக்கு அப்போது சியோனான் என்று பெயர். மறந்துபோய்ச் சிங்கப்பூர் என்று சொன்னாலும் உதை விழும். இப்படியொரு காரணத்தை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் போக முடியாது, மனு ஜப்பானியத்தில் இருந்தாலாவது பார்க்கலாம் என்று அவர் அனுப்பிவிட்டார். எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காது, இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அத்தை நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் ஜப்பான் பள்ளிக்கூடத்தில் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என் எழுத்துதான் அழகு என்று வாத்தியார் சொல்வார். எழுத்து அழகாக இருந்ததே தவிர, எனக்குத் தெரிந்த சொற்கள் நூறுகூடத் தேறாது. அவற்றிலும் பாதி பூ, நாய், சூரியன்.

"பாப்பா, நீ எழுது," என்றாள் அத்தை.

தத்து எடுப்பதற்கு ஜப்பானியத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அனாதைக்கும் தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரு குடும்பத்தின் படம் இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தங்கை. வரப்போகும் குழந்தை எனக்கு என்ன முறை என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை யோசித்தாள். முறைப்படி பார்த்தால் அது அத்தை மகள். அந்தப் படத்தில் அத்தை மகள் இல்லை. ஆகவே நான் தங்கை என்று எழுதினேன். அப்பாவின் பழைய நாட்குறிப்பிலிருந்து கிழித்த தாளில், பென்சிலால், மூன்று வரி. என் தங்கை சியோனானில் இருக்கிறாள். அத்தை போகிறாள். தங்கை வருகிறாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று அத்தை கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

மூன்றாம் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் வாசலில் இடுப்பு வளையக் குனிந்தோம். மொழிபெயர்க்கிறவர் என் தாளை வாங்கிப் படித்தார். ஒருமுறை அத்தையைப் பார்த்தார். பிறகு எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி வயதானவர். அவருடைய வாள் நாற்காலியில் சாய்ந்திருந்தது. மூன்று வரியையும் நெடுநேரம் படித்தார். பிறகு தாளில் ஓர் இடத்தை விரலால் தட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இமோத்தோ?"

தங்கையா என்கிறார். வேறு சொல் தெரியாமல் எழுதியபோது அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. அவர் வாயிலிருந்து திரும்பி வந்தபோது பொய்யாக இருந்தது. ஜப்பான்காரனிடம் பொய் சொன்னவர்களை என்ன செய்வார்கள் என்று ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தைக்கு அந்தச் சொல் புரியவில்லை. சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தவர் அந்த அறையில் இன்னும் ஒருவர் இருந்தார். முந்தின நாள் அத்தையைப் பார்த்துச் சிரித்தவர்.

"ஹாய்," என்றேன் நான். ஆமாம் என்று அர்த்தம்.

அதிகாரி மொழிபெயர்க்கிறவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் கண் தரையில் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே அவரும் "ஹாய்" என்றார். அதிகாரி முத்திரையை எடுத்தார்.

வெளியே வரும்போது அந்த மனிதர் அத்தையிடம் தணிந்த குரலில், "அக்கா, அனுமதிச் சீட்டுல போறவ ஒருத்தி, வர்றது ரெண்டு பேருன்னு எழுதியிருக்கு. வயசு எழுதல. பத்திரமாப் போயிட்டு வாங்க," என்றார். இரண்டு நாளில் அவள் அவருக்கு அக்காவாகிவிட்டிருந்தாள்.

அதன்பிறகு மூட்டை கட்டும் வேலை. ஒரு பிரம்புக் கூடைதான் பெட்டி. அத்தையின் கல்யாணச் சேலையில் பாதியைக் கிழித்து அம்மா அணைத்துணிகளும் நாலு சின்னச் சட்டைகளும் தைத்தாள். எங்கிருந்தோ கிடைத்த இரண்டு சுண்டு அரிசியை வறுத்துப் பொடித்துத் துணியில் முடிந்தார்கள். ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கி, விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு டின் பால் வெளியே வந்தது. ஒரு வருடமாக அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஆசையோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை அதைக் கூடையின் அடியில் வைத்து மேலே மரவள்ளிக் கிழங்கை அடுக்கினாள்.

எதிர்வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துவிட்ட செட்டிகளில் ஒரு அம்மாள் இருந்தார். நாங்கள் அவரை பீபி என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மலாய். அவர் பூப்போட்ட ஒரு பாத்தேக் துணியும் பிள்ளைக்குத் தேய்க்க ஒரு சின்னப் புட்டி காயு பூத்தே எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். "பாவா, பாவா. பூடாக் செஜூக்," என்றார். கொண்டுபோ, பிள்ளைக்குக் குளிரும் என்று அர்த்தம். துணியைத் தோளில் எப்படிக் கட்டினால் குழந்தை நெஞ்சோடு ஒட்டியிருக்கும் என்று ஒரு தலையணையை வைத்துக் காட்டினார். அத்தை மூன்று தரம் கட்டிக் கட்டிப் பழகினாள். பிறகு அந்தத் தலையணையை இறக்கி வைக்காமலே வீட்டு வேலையெல்லாம் செய்தாள்.

கிளம்பும் நாள் காலையில் அத்தை கத்தரிக்கோலை எடுத்துத் தன் கூந்தலைக் காதுவரைக்கும் வெட்டிக்கொண்டாள். மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். முகத்திலும் கழுத்திலும் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டாள். ரயில் முழுக்கச் சிப்பாய்கள் இருப்பார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். எனக்கு அது வேஷம் போடுவதுபோல இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்காகக் கிள்ளினாள் என்று தெரியாமல் அழுதேன்.

மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகிற ரயில் பாதையை ஜப்பான்காரர்கள் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அதனால் தம்பின் வரைக்கும் மரக்கட்டை லாரியில் போய் அங்கிருந்து ரயில். மாமா சாலை முனைவரை கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். லாரி போன பிறகும் கூடை இன்னும் கையில் இருப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்தே நடந்து வந்தார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானம், அத்தை திரும்பி வந்தாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். பாத்தேக் துணி அத்தையின் நெஞ்சில் இல்லை. ஒரு சின்னப் பெண் அதைப் போர்த்திக்கொண்டு அவள் கையைப் பிடித்து நின்றாள். நாலு வயதோ ஐந்து வயதோ இருக்கும். தலை மொட்டை. காலெல்லாம் புண். எங்கள் எல்லோரையும் பார்த்தவள், வீட்டுக்குள் ஓடி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா ஒரு கிழங்கை நீட்டியபோது அதை வாங்கி, தின்னாமல், சட்டைக்குள் ஒளித்தாள்.

"இவ யாரு? பாப்பா எங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் நம்ம பாப்பா," என்றாள் அத்தை.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். "வெறுங்கையோட திரும்ப முடியல," என்றாள். "இத யாரும் எடுக்க மாட்டேங்குறாங்களாம். பெருசாயிடுச்சாம். நம்ம காகிதத்துலதான் வயசு போடலியே." மாமா மேசைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார். அவள் வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்தாள். பேசுவதற்கு நாலு மாதம் ஆயிற்று. பேசிய முதல் சொல் தமிழ்ச் சொல். இன்று புக்கிட் பாருவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முறை சொல்லிச் சண்டை போடுகிறவள் அவள்தான். எனக்கு மட்டும் முறையை மாற்றி, அக்கா என்றே கூப்பிடுகிறாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. நான் எழுதிக் கொண்டுவரச் சொன்னது கைக்குழந்தையை. தூக்கி வைத்துக்கொள்ளத் தலையணையில் நானும் பழகியிருந்தேன். நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று அத்தையிடம் கேட்டேன்.

"அவ வேற வீட்டுக்குப் போயிட்டா," என்றாள்.

அத்தை போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அம்மா இதை எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி என் முதல் குழந்தை பிறந்த பிறகு. அதுவரை நான் அந்த வேற வீட்டை நம்பிக்கொண்டிருந்தேன். அது பெரிய பங்களாவாக இருக்கும், எங்களைவிட வேகமாக மனு எழுதத் தெரிந்த யாரோ அங்கே இருப்பார்கள் என்று அந்த வீட்டின் மேல் பொறாமைப்பட்டேன்.

வேற வீடு என்று அத்தை சொன்ன அன்றும் விடாமல் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். "நாம ஒருநாள் முந்திப் போயிருந்தா அவ நம்மகிட்ட வந்திருப்பாளா, அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை ஊதுகுழலை எடுத்து அடுப்பின் முன் குனிந்து ஊதத் தொடங்கினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். புகை கண்ணில் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். அடுப்பில் புகையே இல்லை.

"நல்லாத்தான் எரியுது, அத்தை," என்றேன்.